ஹிட்சன்ஸ் இடதா வலதா என்று எப்படி முடிவு செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: யூடியூபில் பிரிட்டனில் பிறந்து அமெரிக்காவில் எழுதிய பத்திரிகையாளர் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸின் பேச்சுகளை வரிசையாகப் பார்க்கிறீர்கள், மதத்தைக் கிழித்துத் தொங்கவிடுகிறார், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கரைப் போர்க்குற்றவாளி என்கிறார், அதனால் இடதுசாரி என்று நினைத்துவிட்டீர்கள். கூடப் படிக்கும் நண்பர், "இராக் போருக்குக் கொடி பிடித்த ஆள், பக்கா வலது" என்கிறார். யார் சொல்வது சரி என்பது கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான். ஒருவர் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க எதைப் பார்ப்பது? அவர் எடுத்த நிலைப்பாடுகளையா, அவரோடு மேடையில் உட்கார்ந்திருப்பவர்களையா, தன்னைப் பற்றி அவரே சொல்லிக்கொள்வதையா? ஹிட்சன்ஸ் விஷயத்தில் இந்த மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. நீங்களும் நண்பரும் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

நான் ரொம்ப வருஷம் பத்திரிகையில் நடுப்பக்கம் பார்த்தவன். வெளிநாட்டுப் பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பதும் மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதும்தான் வேலை. "இந்த வாரம் இடது பக்கமே சாய்ந்துவிட்டது, எதிர்த்தரப்பில் ஒன்று போடுங்கள்" என்று ஆசிரியர் சொல்வார், உடனே ஆளைத் தேட வேண்டும். அதனால் யார் எந்தப் பக்கம் என்று தரம் பிரிப்பது எனக்குச் சித்தாந்த விசாரணை இல்லை, அன்றாடப் பிழைப்பு. ஹிட்சன்ஸைப் பழகிய ஆளாக இதை எழுதவில்லை, அவரைப் படித்தவனாக எழுதுகிறேன். அவர் மனதுக்குள் என்ன ஓடியது என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை ஒதுக்கி வைப்போம். கடவுள் இல்லை என்று ஒருவர் சொன்னால் உடனே அவரை முற்போக்கு, இடது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரியாரும் சிங்காரவேலரும் 1930களில் சேர்ந்து வேலை செய்தார்கள், நாத்திகமும் சமதர்மமும் ஈரோட்டுத் திட்டத்தில் ஒன்றாக வந்தன, அந்த நினைவு இங்கே இன்னும் போகவில்லை. (அந்தக் கூட்டே கொஞ்ச காலத்தில் உடைந்துபோனது, அது தனிக் கதை.) வெளியே போனால் இந்தக் கணக்கு உதவாது. முதலாளித்துவத்தை ஒரு அறமாகவே தூக்கிப் பிடித்த அய்ன் ராண்ட் நாத்திகர். சாவர்க்கர் பசுவைத் தெய்வமாகக் கும்பிடுவதை ஏற்காதவர். எதிர்ப்பக்கம் பார்த்தால், நிகராகுவாவில் 1979ல் வந்த இடதுசாரி சாண்டினிஸ்டா புரட்சி அரசில் கலாச்சார அமைச்சராக இருந்த எர்னஸ்டோ கார்டினால் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதனால் ஹிட்சன்ஸ் அன்னை தெரசாவைத் திட்டினார், 2007ல் மதத்துக்கு எதிராகப் புத்தகம் போட்டார் என்பதையெல்லாம் இந்தக் கேள்விக்குச் சாட்சியாக எடுக்க முடியாது. நீங்கள் பார்த்த வீடியோக்களில் பெரும்பாலானவை இந்த வகை என்று நினைக்கிறேன், ஆகவே உங்கள் வாதத்தில் பாதி இங்கேயே அடிபட்டுப் போகிறது, மன்னிக்கவும்.

சந்தேகமே இல்லாத பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1949ல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார், அப்பா கடற்படை அதிகாரி. ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கியின் மரபில் வந்த இண்டர்நேஷனல் சோஷலிஸ்ட்ஸ் என்ற சிறு அமைப்பில் இருந்தார். லேபர் கட்சிப் பிரதமர் வில்சன் வியட்நாம் போரில் அமெரிக்காவுக்கு ஒத்து ஊதியதை எதிர்த்த தலைமுறை அது. லண்டனில் நியூ ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் எழுதினார், 1981ல் அமெரிக்கா போனார், அடுத்த வருஷத்திலிருந்து 2002 வரை தி நேஷன் வார இதழில் பத்தி எழுதினார். தி நேஷன் அமெரிக்க இடதுசாரிகளின் வீட்டுப் பத்திரிகை மாதிரி. பாலஸ்தீன-அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயித்துடன் சேர்ந்து பாலஸ்தீனப் பிரச்சினை பற்றி ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 2001ல் கிஸ்ஸிங்கர் மேல் அவர் எழுதிய புத்தகம் கிட்டத்தட்ட ஒரு குற்றப்பத்திரிகை. கம்போடியா, சிலி, கிழக்குத் திமோர், சைப்ரஸ் எல்லாம் அதில் வருகின்றன, 1971 வங்கதேசப் படுகொலையின்போது அமெரிக்கா பாகிஸ்தான் பக்கம் நின்றதும் வருகிறது. எந்த இடதுசாரித் தோழரும் கையெழுத்துப் போடக்கூடிய புத்தகம்.

இனி உடைந்த கதை. செப்டம்பர் 11க்கு அப்புறம் ஆள் ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொல்வார்கள், அது சோம்பேறித்தனமான விவரிப்பு. 1989ல் ஒரு நாவலுக்காக எழுத்தாளர் ருஷ்டி மேல் ஈரான் தலைவர் கொமேனி ஃபத்வா போட்டபோது, தன் பக்கத்து ஆட்கள் சிலர் "ருஷ்டியும் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம்" என்று இழுத்தது அவரைக் கடித்தது. (அந்த நாவலை இறக்குமதி செய்வதற்கு அதற்கு முந்தைய வருஷமே தடை போட்டது ராஜீவ் காந்தி அரசு.) பிறகு போஸ்னியா. முஸ்லிம்களைக் கொல்கிறார்கள், வெளியார் தலையிட வேண்டும் என்று இவர் சொன்னார்; தலையீடு என்றாலே ஏகாதிபத்தியம் என்றது இடதுசாரிகளில் ஒரு பகுதி. 1999ல் கிளிண்டன் மீதான பதவிநீக்க விசாரணையில் தன் நண்பரும் கிளிண்டனின் உதவியாளருமான சிட்னி ப்ளூமெந்தாலுக்கு எதிராக, குடியரசுக் கட்சித் தரப்புக்கு உதவும் விதமாக, பிரமாணப் பத்திரம் கொடுத்தார். பல நட்புகள் முறிந்தது அப்போதுதான். 2001க்குப் பிறகு இடதுசாரிச் சிந்தனையாளர் சோம்ஸ்கியோடு பகிரங்கச் சண்டை, 2002ல் தி நேஷனிலிருந்து தானே விலகல், 2003ல் இராக் போருக்கு முழு ஆதரவு, 2004 தேர்தலில் புஷ்ஷுக்குச் சற்றே ஆதரவு. பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல் அது. அதைச் சொல்லாமல் ஆளை எடைபோடக் கூடாது.

சரி, உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருவோம்: இராக் போரை ஆதரித்தார், அதனால் வலது. இதற்குப் பதில் ஹிட்சன்ஸின் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய தம்பி பீட்டர் ஹிட்சன்ஸ், 1951ல் பிறந்தவர், அண்ணனைப் போலவே இளமையில் அதே இண்டர்நேஷனல் சோஷலிஸ்ட்ஸில் இருந்து வெளியே வந்தவர், இப்போது மெயில் ஆன் சண்டே பத்திரிகையில் பத்தி எழுதுகிறார். தீவிரக் கிறிஸ்தவர், மரண தண்டனை வேண்டும் என்பவர், போதைப்பொருள் சட்டத்தைத் தளர்த்தக் கூடாது என்பவர், பிரிட்டனின் பழைய ஒழுங்கு போய்விட்டதே என்று வாழ்நாள் முழுக்கப் புலம்புபவர். அவரை வலதுசாரி இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். அந்தப் பீட்டர் இராக் போரை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தார். போதாததற்கு, ரயில்வேயைத் தனியாரிடம் கொடுத்தது தவறு, மறுபடியும் அரசே நடத்த வேண்டும் என்றும் எழுதுகிறார். உங்கள் நண்பரின் அளவுகோலை வைத்தால் தம்பி இடது, அண்ணன் வலது என்று வரும். 2008ல் மிச்சிகனில் இரண்டு பேரும் ஒரே மேடையில் கடவுளைப் பற்றியும் இராக்கைப் பற்றியும் மோதினார்கள். கடவுள் உண்டு என்றவர் போர் கூடாது என்றார், கடவுள் இல்லை என்றவர் போர் நியாயம் என்றார். தனி நிலைப்பாடுகளைக் கூட்டிக் கழித்து ஆளை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

அப்போது எதை வைத்துத்தான் அளப்பது? அந்த நிலைப்பாட்டுக்கு அவர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்று பாருங்கள். பீட்டர் போரை எதிர்த்தது, அடுத்தவன் நாட்டைத் திருத்துவது பிரிட்டனின் வேலை இல்லை, அதில் பிரிட்டனுக்கு ஒரு லாபமும் இல்லை என்ற காரணத்தால். சுத்தமான பழமைவாதக் காரணம். கிறிஸ்டோபர் போரை ஆதரித்த காரணம் நேர் எதிர்: சதாம் ஒரு பாசிஸ்ட், குர்துகளைக் கொன்றவன், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெளியிலிருந்து கைகொடுப்பது கடமை. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குத் தொண்டர்களாகப் போன 1930களின் இடதுசாரிகள் பேசிய பேச்சு இது. அதில் பாசாங்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1991 வளைகுடாப் போரை எதிர்த்தவர், அதற்குப் பிறகு வட இராக்கில் குர்துகளின் பகுதிக்கு நேரில் போய்ப் பார்த்துத்தான் மனம் மாறினார், குர்துக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். இதைப் பிடித்துக்கொண்டு "அவர் கடைசிவரை இடதுசாரிதான், மற்றவர்கள்தான் விலகிப் போனார்கள்" என்று அவருடைய ரசிகர்கள் சொல்வதுண்டு.

அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன். காரணம் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. நடுப்பக்கத்தில் உட்கார்ந்து கட்டுரைகளைப் பிரிக்கும்போது எனக்குக் கைகொடுத்த ஒரு வழி உண்டு: எழுதுபவர் தன் சந்தேகத்தை யார் மேல் செலவழிக்கிறார் என்று கவனிப்பேன். நிலைப்பாட்டை நாளைக்கே மாற்றி எழுதலாம், சந்தேகப்படும் பழக்கத்தை அப்படி மாற்ற முடியாது. கிஸ்ஸிங்கர் விஷயத்தில் ஹிட்சன்ஸ் ஒவ்வொரு அரசாங்க ஆவணத்தையும் கிளறி, ஒவ்வொரு அதிகாரபூர்வ வாக்கியத்துக்குப் பின்னாலும் என்ன மறைந்திருக்கிறது என்று தோண்டினார். அதே ஆள் 2002, 2003ல் சதாமின் ஆயுதங்கள் பற்றி புஷ் அரசு சொன்னதை எவ்வளவு லேசாக விட்டுவிட்டார் என்று பாருங்கள். ஆயுதங்கள் கிடைக்கவில்லை என்று ஆன பிறகும் அவருடைய கோபம் முக்கால்வாசி போரை எதிர்த்தவர்கள் மேல்தான் போனது. 2005 செப்டம்பரில் நியூயார்க்கில், போரை எதிர்த்த பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் கால்லோவேயோடு நடந்த விவாதத்தைப் பாருங்கள், முழுதாகவே கிடைக்கிறது. வாதத் திறமையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சந்தேகம் முழுவதும் ஒரே திசையில் ஓடுகிறது, அதிகாரத்தில் இருப்பவனை விட்டுவிட்டு எதிரே நிற்பவனை நோக்கி. அந்த மூன்று நான்கு வருஷங்களில் அவர் ஒரு போர் அரசின் வழக்கறிஞராக நடந்துகொண்டார் என்றே நான் சொல்வேன், வழக்கை எடுத்த காரணம் எதுவாக இருந்தாலும்.

அதே காலத்தில் இதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது, அதை மறைத்தால் நானும் வழக்கறிஞர் ஆகிவிடுவேன். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ மீது குடிமை உரிமைச் சங்கமான ஏசிஎல்யூ 2006ல் தொடுத்த வழக்கில் இவரும் ஒரு மனுதாரர். 2008ல் வாட்டர்போர்டிங் என்ற தண்ணீர்ச் சித்திரவதையைத் தன் மேலேயே செய்யச் சொல்லி, சில நொடிகளுக்கு மேல் தாங்க முடியாமல் நிறுத்தச் சொல்லிவிட்டு, இது சித்திரவதைதான் என்று வானிட்டி ஃபேர் இதழில் எழுதினார். தன் சொந்த அணி "இதெல்லாம் தீவிர விசாரணை முறை" என்று பூசி மெழுகிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வருஷத் தேர்தலில் ஒபாமாவை ஆதரித்தார். கட்சி ஆளாக மாறியிருந்தால் இதில் ஒன்றும் நடந்திருக்காது.

இப்போது நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். இராக்கைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அவர் இடதுசாரியாக இருப்பதை நிறுத்தினாரா என்பதற்கான சாட்சி போரில் இல்லை, கூலியில் இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் இடது என்பது கடைசியில் சொத்து யாரிடம், உழைப்பு யாருடையது, விலை யார் கொடுப்பது என்ற கேள்விதான். ஹிட்சன்ஸின் கடைசிப் பத்து வருஷ எழுத்தைப் புரட்டுங்கள். மதம், பயங்கரவாதம், ஆர்வெல், ஜெஃபர்சன், இலக்கியம், விஸ்கி எல்லாம் இருக்கும். தொழிற்சங்கம், குறைந்தபட்சக் கூலி, மருத்துவச் செலவு, வீட்டு வாடகை பற்றித் தேடினால் கைக்குக் கொஞ்சம்தான் அகப்படும். இனித் தன்னை சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது, உலகளாவிய சோஷலிச இயக்கம் என்று ஒன்று இப்போது இல்லை, முதலாளித்துவம்தான் இன்று அதிகம் புரட்சிகரமாக இருக்கிறது என்ற பொருளில் அவரே ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார், அதுவும் 2001ல், இராக்குக்கு முன்னாலேயே. வரலாற்றைப் பொருளியல் அடிப்படையில் பார்க்கும் மார்க்சியப் பார்வையைத் தான் கைவிடவில்லை என்று பின்னாளில் சொன்னதும் உண்மைதான். ஆனால் சிந்திக்கும் முறை மார்க்சியமாக இருந்து, அந்த முறையைக் கொண்டு முதலாளியை யாரும் கேள்வி கேட்கவில்லை என்றால் அது வெறும் படிப்பாளியின் ரசனை.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஹிட்சன்ஸ் இளமையிலும் பொருளாதாரம் பற்றி அதிகம் எழுதியவர் இல்லை. அவர் இடதுசாரியாக இருந்தது பெரும்பாலும் காலனியம், போர், சர்வாதிகாரம், தணிக்கை என்ற பக்கத்தில்தான். அதனால் கடைசிக் கால மௌனத்தை "முன்பு பேசினார், பிறகு நிறுத்தினார்" என்று படிக்க முடியாது. ஆரம்பத்திலிருந்தே அந்தக் கால் பலவீனமாக இருந்தது, மற்றக் கால் போனதும் சரிந்துவிட்டார் என்று படிப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இது என் யூகம்தான்.

மேடையில் யாரோடு உட்கார்ந்தார் என்ற அளவுகோலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வுல்ஃபோவிட்ஸ் போன்ற புஷ் அரசின் ஆட்களோடு பழகினார், அது உண்மை. கூட்டாளியை வைத்து ஆளைச் சொல்லலாம் என்றால், நெருக்கடி நிலையை எதிர்த்து ஒன்றாகச் சிறைக்குப் போன சோஷலிஸ்டுகளையும் ஜனசங்கத்தினரையும் என்ன செய்வது? பணத்துக்கு மாறினார், புகழுக்கு மாறினார் என்ற பேச்சும் உண்டு. வெளியிலிருந்து யாராலும் நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு, அதனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தன்னைப் பற்றி அவரே சொல்வதை நம்பலாமா என்றால், பாதி நம்பலாம். 1936க்குப் பிறகு தான் எழுதிய முக்கியமானவை எல்லாம் சர்வாதிகாரத்துக்கு எதிராகவும் ஜனநாயக சோஷலிசத்துக்கு ஆதரவாகவும்தான் என்று ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் 1946ல் பச்சையாக எழுதி வைத்தார், அப்படியும் வலதுசாரிகள் அவரைத் தங்கள் ஆள் என்று தூக்கிக்கொண்டு போவது நிற்கவில்லை. அங்கே அவர் வார்த்தையை நம்ப வேண்டும், ஏனென்றால் எழுத்தும் அதோடு ஒத்துப்போகிறது. ஆனால் "நான் இடதும் இல்லை வலதும் இல்லை, உண்மையின் பக்கம்" என்று ஒருவர் சொன்னால் அதைத் தகவலாக எடுக்காதீர்கள், விளம்பரமாக எடுங்கள்.

ஆக, என் பதில். அமெரிக்க, பிரிட்டிஷ் இடதுசாரி முகாமை விட்டு அவர் 2002 வாக்கில் வெளியே வந்துவிட்டார், இது உறுதி. அதனால் வலதுசாரி முகாமுக்குள் போய்ச் சேர்ந்தாரா என்றால், இல்லை, இதுவும் கிட்டத்தட்ட உறுதி. பழமைவாதிகள் மதிக்கும் எதையும், மரபு, மதம், முடியாட்சி எதையும், அவர் மதிக்கவில்லை, மரண தண்டனையை எதிர்த்தார். கருக்கலைப்பு விஷயத்தில் மட்டும், கருவில் இருப்பது ஒரு உயிர்தான் என்று பேசி இடதுசாரிகளை நெளிய வைத்தார். இடதின் கோபத்தை வைத்துக்கொண்டு அதன் பொருளாதாரத்தைத் தொலைத்த ஒரு தாராளவாதி என்று நான் எழுதுவேன். நடுப்பக்கத்தில் அவரை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பேன் என்று கேட்டால், 2003ல் போர் ஆதரவுத் தரப்பில், 2008ல் சித்திரவதை எதிர்ப்புத் தரப்பில். தலைப்புக்குத் தலைப்பு மாறும்.

கேள்வியின் கடைசி வரியில் நம் ஊர் யூடியூப் விமர்சகர்களையும் இதே மாதிரி பிரிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பிரிக்கலாம், ஆனால் இங்கே கோடு ஒன்று மட்டும் இல்லை. இட ஒதுக்கீட்டுக்கும் மாநில உரிமைக்கும் தொண்டை கிழியப் பேசுகிறவர், தனியார் கல்லூரிக் கட்டணக் கொள்ளை பற்றி வாயே திறக்காமல் இருக்கலாம். தூய்மைப் பணியாளர் போராட்டத்தில் சரியாக நின்றவர், சாதிக்கு வெளியே நடந்த கல்யாணம் என்றதும் "பெற்றவர் மனசையும் பார்க்கணும்" என்று இழுக்கலாம். சாதி, மொழி, தில்லியோடு உறவு, கூலி என்று தனித்தனியாக வைத்துப் பாருங்கள். தான் ஓட்டுப் போட்ட கட்சி ஆட்சியில் இருக்கும்போது அந்த ஆள் எதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறார் என்று ஒரு வருஷ வீடியோத் தலைப்புகளை ஓட்டிப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். தேர்தல் சமயத்து வீடியோக்களை விட்டுவிடுங்கள், அப்போது எல்லோரும் கொஞ்சம் வேஷம் கட்டுவார்கள்.

இன்னொன்று. "ஹிட்சன்ஸ் இன்று இருந்திருந்தால் டிரம்ப் விஷயத்தில் இப்படி இருந்திருப்பார், காசா விஷயத்தில் அப்படி இருந்திருப்பார்" என்று உங்கள் நண்பர் ஆரம்பித்தால் அதில் இறங்காதீர்கள். அவர் 2011 டிசம்பரில் ஹூஸ்டனில் புற்றுநோயால் இறந்துபோனார். அதற்குப் பிறகு நடந்தவற்றில் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர் தன் சொந்தக் கருத்துக்கு ஆள் சேர்க்கிறார். அதற்குப் பதிலாக, 2005 கால்லோவே விவாதத்தையும் 2008 சித்திரவதைக் கட்டுரையையும் நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பேசிப் பாருங்கள்.